எல்லாக் கதவையும் தட்டுகிறவள்

"ஊக்கு, ஹேர்பின், எலாஸ்டிக், கறுப்பு நூல், வெள்ளை நூல்!"

முதல் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, அது திறக்கிறவரை நிற்கப் பொறுமையில்லாமல் அடுத்த கதவையும் தட்டுகிறாள். அவளுக்கு உண்மையில் வேலை இருப்பது தெருக்கோடியில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள ஒற்றை அறை வீட்டில். இருந்தாலும் இடையில் ஒரு கதவை விடமாட்டாள். முதல் வீட்டு அம்மாள், போன தடவை வாங்கிய ஊக்கு வளைந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறாள். "வளையாம என்னம்மா பண்ணும்? நீங்க வாங்கினது ஊக்கா, கடப்பாரையா?" என்று இவள் கேட்க, அந்த அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்தவள் சும்மா விடுவாளா? இன்னோர் அட்டை ஊக்கை இனாமாகக் கறந்துகொண்டுதான் உள்ளே போகிறாள்.

தெருவுக்கு அவள் ஊக்கு அக்கா. அந்தத் தெருவுக்கு மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்தில் இன்னும் பல தெருக்களுக்கும். தோளில் தொங்கும் பெரிய ரெக்சின் பையில் மேலாக ஊக்கு அட்டைகள், ரிப்பன் சுருள்கள். அவற்றுக்கு அடியில், பழைய துண்டு ஒன்றில் சுற்றியபடி மருந்துக் குப்பிகள். எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் உதவுகிற ஒரு தொண்டு நிறுவனத்தில் அவள் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவள் என்பது அந்தத் தெருக்களில் ஒரு சில வீடுகளுக்குத்தான் தெரியும். அந்த ஒரு சில வீடுகளும் அதை வெளியே சொல்லப்போவதில்லை.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. நிறுவனத்தின் ஜீப்பில்தான் போய் இறங்குவாள். ஜீப்பின் இரண்டு பக்கமும் நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். புதிதாகச் சேர்ந்த சமயம், ஓர் இளம் தாயின் வாசலில் அந்த ஜீப் இரண்டு மூன்று தடவை நின்றது. அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வீட்டின் சொந்தக்காரர் பாத்திரம் பண்டம் அத்தனையையும் தூக்கித் தெருவில் வைத்தார். பால்குடி மறக்காத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் எங்கே போனாள் என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, "அவளை நோய் துரத்தல சார், நம்ம ஜீப்புதான் துரத்துச்சு" என்று நிறுவனத் தலைவரின் மேசை முன்னால் நின்று அழுதவள், அன்று சாயங்காலமே மொத்தக் கடைக்குப் போய் ஒரு பை நிறைய ஊக்கு வாங்கி வந்தாள்.

ஒரு வீட்டை மட்டும் தட்டினால் அந்த வீடு மாட்டிக்கொள்ளும். எல்லா வீட்டையும் தட்டினால் எந்த வீடும் மாட்டிக்கொள்ளாது. இதுதான் அவள் கண்டுபிடித்த சூத்திரம். நிறுவனத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. "நாம தொண்டு நிறுவனமா, வளையல் கடையாம்மா?" என்று ஒரு நாள் கேட்டார். "வளையல் உடைஞ்சுடும் சார், ஊக்குதான் தாங்கும்" என்றாள். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், கையில் பையை மாட்டினதும் அவளுக்குள்ளே ஒரு வியாபாரி முளைத்துவிட்டாள். பேரம் பேசுவதில் அவளை அசைக்க முடியாது. விற்கவே வேண்டாத பொருளுக்கு எதற்கம்மா இத்தனை மல்லுக்கட்டு என்றால், "சும்மா குடுத்தா சந்தேகப்படுவாங்க" என்பாள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, அவளுக்குப் பேரம் பேசப் பிடிக்கும்.

அவளுடைய கைப்பேசியில் எந்தத் தாயின் பெயரும் கிடையாது. வெள்ளைப் பட்டன், பச்சை ரிப்பன், அரை இஞ்ச் எலாஸ்டிக் என்று சரக்குகளின் பெயர்கள்தான். யாராவது போனை எடுத்துப் பார்த்தால் கடைக்காரியின் போன் என்று வைத்துவிடவேண்டும் என்பது ஏற்பாடு. அவளுடைய கணவர் வீடுகளுக்கு மின் இணைப்பு வேலை செய்பவர். வாய்க்கொழுப்பு கொஞ்சம் உண்டு. "இந்தா, உன் வெள்ளைப் பட்டன் கூப்பிடுது. ஒரே அழுகை. பட்டன் அழுது நான் இப்பத்தான் கேக்கறேன்" என்று போனை நீட்டுவார். நீட்டிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொள்வார்.

தெருவிலோ பஸ்ஸிலோ அந்தத் தாய்மாரைப் பார்த்தால் அவள் பார்க்காததுபோல் போய்விடுவாள். அவர்களாகச் சிரித்தாலும் இவள் முகம் மரக்கட்டைதான். புதிதாக வருகிறவளிடம் முதலிலேயே சொல்லிவிடுவாள்: "வெளியில பாத்தா உன்னை எனக்குத் தெரியாது, என்னை உனக்குத் தெரியாது. மனசுல வெச்சுக்காதம்மா." ஒருத்தி இறந்துபோனால்தான் இந்த ஏற்பாடு கழுத்தை அறுக்கும். சாவு வீட்டுக்குள் போய் உட்கார ஊக்கு விற்கிறவளுக்கு என்ன உரிமை? வாய்விட்டு அழ ஓர் உறவுமுறை வேண்டுமே. எதிர்ச்சாரியில் பையோடு நிற்பாள். உடலை எடுத்துப் போகிறவரை நிற்பாள். பிறகு வீட்டுக்கு வந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். அந்த எண்ணை மட்டும் போனிலிருந்து அழிப்பதில்லை.

மாத்திரைக் குப்பி விஷயத்திலும் அவளுக்கு ஒரு தனிப் பக்குவம் உண்டு. ஆஸ்பத்திரியில் தரும் குப்பியை யாராவது படித்தால் குட்டு உடைந்துவிடும். ஆகவே சத்து மாத்திரைக் குப்பிகளைச் சேகரித்து வைத்து, மாத்திரைகளை அவற்றுக்கு மாற்றிவிடுவாள். குலுங்கிச் சத்தம் வராமல் இருக்க மேலே பஞ்சு திணிப்பாள். குழந்தைகளுக்கும் அதே கதைதான். "உனக்குச் சத்து கம்மி கண்ணு. சத்து இல்லாத பிள்ளைங்க இதைத் தினமும் போட்டா நல்லாயிடுவாங்க." பிள்ளைகள் நம்பினார்கள். தாய்மாருக்கும் நிம்மதி. இந்தக் கதையைக் கட்டியவள் அவள்தான், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இந்த வருஷம்வரை.

தெருக்கோடி ஒற்றை அறை வீட்டுத் தாய்க்குப் போனில் பெயர் கறுப்பு நூல். காலணிக் கம்பெனியில் அடித்தோலுக்குப் பசை தடவுகிற வேலை, அதுவும் ராத்திரி ஷிப்டு. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அவள் விரல்களில் பசை வாடை போகாது. சின்னவன் வயிற்றில் இருந்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான் அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. ஊக்கு அக்கா அவளை இழுத்துப் பிடித்து மருந்து சாப்பிட வைத்தாள். சின்னவன் நோய் ஒட்டாமல் பிறந்தான். ஆனால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதுபோல், அப்போதுதான் மூத்த பெண்ணுக்கும் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கு இருந்தது. அவள் பிறக்கும்போது யாரும் ரத்தம் பார்த்திருக்கவில்லை. புருஷன் கடைசிவரை நம்பாமல், மருந்தும் தொடாமல், போய்ச் சேர்ந்தான்.

பெரியவளுக்கு இப்போது பதினொரு வயது. ஆறு வயதிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறாள். அம்மா வேலைக்குப் போன பிறகு தம்பிக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவி வைத்து, மாத்திரை போட்டுக்கொண்டு, அவனைத் தட்டித் தூங்கவைத்துப் பிறகுதான் தூங்குவாள். அப்படிப்பட்ட பெண்ணுக்குத்தான் திடீரென்று உடம்பு இளைக்க ஆரம்பித்தது. அடிக்கடி காய்ச்சல். உதட்டோரம் புண். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிருமி தாறுமாறாகப் பெருகியிருந்தது. மருந்து நின்றால்தான் அப்படிப் பெருகும். குப்பியோ கணக்காகக் காலியாகிக்கொண்டு இருந்தது.

ஊக்கு அக்காவுக்குத் தாயின் மேல்தான் சந்தேகம். "நீ ஒழுங்கா குடுக்கறியா இல்லையா? உண்மையைச் சொல்லு" என்று கத்தினாள். "என் பிள்ளை மேல சத்தியமா அவ தவறாம போடறாக்கா" என்று அந்தத் தாய் அழுதாள். இவள் நம்பவில்லை. இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

மூன்றாம் நாள் போனபோது சின்னவன் ஓடி வந்து சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். "பெரியம்மா, என் கையைப் பாரு. எவ்ளோ சத்து!"

"அடேயப்பா! யாரு குடுத்தா இவ்வளவு சத்து?"

"அக்காதான். தெனம் எனக்குப் பாதி மாத்திரை."

பெரியவள் அடுப்பங்கரைத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். திருட்டு முழி இல்லை, பயம் இல்லை. நல்ல காரியம் செய்த பிள்ளைக்கே உரிய வெட்கம் மட்டும். "அவன்தானே பெரியம்மா ஒல்லியா இருக்கான்? அவன் கிளாஸ்லேயே அவன்தான் சின்னவன், எல்லாரும் தள்ளி விடறாங்க. சத்து இல்லாத பிள்ளைங்க போட்டா நல்லாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க." கதவிடுக்கில் வைத்து உடைப்பாளாம். சரிபாதியாக உடையாதாம். பெரிய துண்டு தம்பிக்காம்.

ஊக்கு அக்கா அன்று அடுத்த வீடுகளின் கதவைத் தட்டவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு நேரே பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவள் வாரிப் போட்டது ஒரு குழந்தையின் தலையில். அந்த வார்த்தைகள் அப்படியே அவளுடைய வார்த்தைகள். ஊரை ஏமாற்ற அவள் கட்டிய கதையை உலகத்திலேயே ஒருத்திதான் முழுசாக நம்பினாள். நம்பினதற்கான தண்டனை அவளுக்கு.

விஷயத்தைக் கேட்ட ஆஸ்பத்திரி டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. முதலில் சின்னவனின் ரத்தத்தைப் பார்த்தார்கள். அவனுக்கு ஒன்றும் இல்லை, மருந்தும் கெடுதல் செய்யவில்லை. பெரியவளின் உடம்பில்தான் பழைய மருந்துக்கு இனி வேலை இல்லை. அரை மருந்தைச் சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கிருமி அதற்குப் பழகிவிட்டது. "வேற மருந்து குடுக்கறேன். இதையும் இப்படிப் பழக விட்டோம்னா அடுத்து நான் எதைக் குடுக்கறது? பெருசா ஒண்ணும் மிச்சம் இல்லம்மா. அவளுக்கு விவரம் தெரியணும். எதுக்குன்னு தெரியாத மாத்திரையை எந்தப் பிள்ளை காப்பாத்தும்?" என்றார் டாக்டரம்மா.

தாயிடம் அதைச் சொல்லியபோது இருவரும் ஆஸ்பத்திரியின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் முடியவே முடியாது என்றாள். "அவ என்னை என்னன்னு நினைப்பா அக்கா? எனக்குத் தொணைன்னு இருக்கறது அவ ஒருத்திதான். தலை பின்னி விடறா. நான் வேலை முடிஞ்சு வர்றப்ப கதவைத் தொறந்து வெச்சுட்டு நிக்கறா. நான்தான் குடுத்தேன்னு தெரிஞ்சா என்னைத் தொடுவாளா?"

"சொல்லலைன்னா அவளே இருக்க மாட்டாடி."

அந்தத் தாய் பசை காய்ந்த விரல்நுனியை இன்னொரு கை நகத்தால் உரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "நீயே சொல்லிடு. நான் உள்ளே இருந்துக்கறேன். ஆனா யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு கேட்டா ஏதோ ஊசியில வந்துச்சுன்னு சொல்லிடுக்கா. உன் கால்ல விழறேன்" என்றாள். ஊக்கு அக்கா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு பொய்யால் பட்டது போதாதா என்று மனசு சொன்னது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வாய்விட்டுச் சொல்ல அவளால் முடியவில்லை.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் போனாள். சின்னவனைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விளையாட அனுப்பினார்கள். தாய் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். ஓட்டை உடைசலான மின்விசிறி ஒன்று கடகடவென்று சுற்றிக்கொண்டு இருந்தது. ஊக்கு அக்கா தரையில் அந்தப் பெண்ணுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தெருத் தெருவாக வாயை வைத்தே பிழைக்கிறவள், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள்.

"கண்ணு, அது சத்து மாத்திரை இல்ல. நான் உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நோயின் பெயரையும் சொன்னாள். மாத்திரையை முழுசாக, தவறாமல் போட்டால் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கிழவி ஆகலாம் என்றாள். இனி யாருக்கும் ஒரு துணுக்குக்கூடக் கொடுக்கக் கூடாது என்றாள். அந்தப் பெண் இமைக்காமல் கேட்டாள். அவள் முகம் மெல்ல வெளிறிக்கொண்டு வந்தது. தன்னைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தால், "அப்ப தம்பி?" என்றாள். "நான் குடுத்ததால அவனுக்கும் வந்துடுமா பெரியம்மா?"

"வராது கண்ணு. மருந்து சாப்பிட்டா நோய் வருமா? ரத்தம் பாத்தாச்சு. அவனுக்கு ஒண்ணும் இல்ல. நீ தொட்டா வராது, கட்டிப் பிடிச்சா வராது, ஒரே தட்டுல சாப்பிட்டாலும் வராது."

அந்தப் பெண் மூச்சை விட்டாள். தோள் இறங்கியது. ஊக்கு அக்காவுக்கும் அப்பாடா என்று இருந்தது. ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை. யோசித்துக்கொண்டே இருந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தொட்டா வராது, சாப்பிட்டா வராதுங்கறீங்க. ஒரே வீடு, ஒரே பாய். அவனுக்கு இல்ல. எனக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

திரைக்குப் பின்னால் ஏதோ ஒரு பாத்திரம் நகர்ந்து நின்றது. ஊசி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். தாயும் பிழைப்பாள், இவளும் பிழைப்பாள்.

"இதுலயும் பொய் சொல்லுவீங்களா பெரியம்மா?"

ஊக்கு அக்கா எழுந்தாள். திரையை விலக்கினாள். அந்தத் தாய் சுவரோடு சுவராக, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு நின்றாள். "அவகிட்ட இதை நீதான் சொல்லணும். எங்கிட்டேருந்து கேட்டா உன்னை அவ மன்னிக்க மாட்டா" என்று காதோடு சொன்னாள். அப்படிச் சொன்னாளே தவிர, மன்னிப்பாள் என்று அவளுக்கே நிச்சயம் இல்லை. தாயைக் கூட்டி வந்து தான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. சின்னவன் கால் நிறைய சேற்றோடு ஓடி வந்தான். "உள்ளே போகாதே ராசா, இங்கே உக்காரு" என்று அவனைப் படியில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். உள்ளே தாயின் குரல் தணிவாக, விட்டுவிட்டுக் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. பிறகு பெரியவளின் குரல். "அவனுக்கு மட்டும் மருந்து சாப்பிட்டியா? எனக்கு ஏன்ம்மா சாப்பிடல? எனக்கு ஏன் சாப்பிடல?" கேட்டதையே கேட்டுக்கொண்டு அந்தக் குரல் உயர்ந்து, உடைந்து, ஒரே அழுகையாகக் கதவுக்கு வெளியே வந்தது.

சின்னவன் நிமிர்ந்து பார்த்தான். "அக்கா ஏன் அழுவுது?"

வயிற்று வலி என்ற சொல் அவள் பல்லுக்குப் பின்னால் தயாராக வந்து நின்றது. எத்தனை வருஷப் பழக்கம். அவள் அதைச் சொல்லவில்லை. அவன் எழுந்து கதவைத் தள்ளப் போனான். இவள் அவனை இழுத்து மடியில் போட்டு, அவனுடைய இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் இறுகப் பொத்தினாள்.

அவன் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான். கிளுகிளுவென்று சிரித்தான். சிரித்தபடியே தன் இரண்டு சேற்றுக் கைகளையும் தூக்கி அவளுடைய காதுகளைப் பொத்தினான். அவள் அந்தக் கைகளை விலக்கவில்லை.